லாஸ் வேகாஸைக் காரிலேயே சுற்றிக் காட்ட முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி

மேட்டூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் மூன்றாம் வாரம் அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸ் போகிறோம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க முடியாது. சூதாட்டத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஆர்வம் இல்லை. கையில் ஒரு மாலையும் மறுநாள் பகலும் இருக்கின்றன. காரில் உட்கார்ந்தபடியே முக்கியமான இடங்களைக் காட்டிவிட முடியுமா? அப்பா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஹூவர் அணையைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். அம்மாவுக்கு விளக்குகளைப் பார்த்தால் போதும். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜவேல்:

ஸ்ட்ரிப் என்று சொல்கிற அந்தப் பெரிய விடுதிகள் நிற்கும் சாலையில் மாலை நேரத்தில் கார் ஓட்டாதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போக வேண்டும். ஓட்டுகிறவர் எதையும் பார்க்க முடியாது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் போனபோது மாண்டலே பே விடுதியிலிருந்து வெனிஷியன் விடுதி வரை வருவதற்குள் குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். டியூஸ் என்று ஓர் இரட்டை அடுக்குப் பேருந்து ஓடுகிறது. மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தால் காரைவிட நன்றாகத் தெரியும்.

கலா, ஹெண்டர்சன்:

தம்பி, தாராளமாகக் காட்டலாம். நான் பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறேன். ஊரிலிருந்து வந்தவர்களை வைத்துக்கொண்டு இந்தச் சாலையில் எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. ராஜவேல் சொல்கிற நெரிசல் உண்மைதான். ஆனால் முழங்கால் வலி உள்ளவரைப் பேருந்தின் மேல்தட்டுக்கு ஏறச் சொல்ல முடியாது. வெள்ளி, சனி தவிர்த்து மற்ற நாளில் போங்கள். இந்தச் சாலையில் மெதுவாகப் போவது நல்லதுதான், பார்க்கத்தானே போகிறோம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் பெல்லாஜியோ விடுதியின் நீரூற்று வரை போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தெற்குக் கோடியில் இருக்கும் வரவேற்புப் பலகையில் தொடங்கி, வடக்கே பழைய ஊர்ப் பகுதியான ஃப்ரீமான்ட் தெருவைத் தாண்டி, பழைய விளக்குப் பலகைகளைச் சேர்த்து வைத்திருக்கும் நியான் அருங்காட்சியகம் வரை லாஸ் வேகாஸ் பூலவார்டு முழுவதையும் ஓட்டுங்கள். மொத்தம் 11, 12 கிலோமீட்டர்தான். வடக்கே போகப் போக ஊருக்கு வயது கூடிக்கொண்டே போகும். அதைப் பார்க்காமல் திரும்பினால் ஊரைப் பார்த்ததாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

மாலை ஐந்தேகாலுக்குப் பலகை அருகே இருங்கள். அக்டோபரில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறையும். பலகை சாலையின் நடுத்திட்டில் நிற்கிறது. வண்டி நிறுத்த 2008ல் அங்கேயே இடம் அமைத்தார்கள். அம்மா இறங்கி நாலு எட்டு வைத்தால் போதும். 1959ல் பெட்டி வில்லிஸ் என்ற பெண்மணி வரைந்தது. மேலே வரவேற்புச் சொல்லின் ஏழு எழுத்துகளுக்குப் பின்னால் ஏழு வெள்ளை வட்டங்கள் இருக்கும், அவை வெள்ளி டாலர் நாணயங்கள். அவர் அந்த வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கவே இல்லை, ஊருக்குத் தன் அன்பளிப்பு என்று விட்டுவிட்டார். இன்றைக்கு உலகம் முழுக்கக் கோப்பையிலும் சட்டையிலும் அந்தப் படம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெட்டி வில்லிஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்குக் கோடியில் மறுபடியும் வருவார்.

அங்கிருந்து கிளம்பினால் இடது பக்கம் மாண்டலே பே, அடுத்து லக்ஸர் பிரமிடு. 1993ல் திறந்தது, 30 மாடி. உச்சியிலிருந்து ஓர் ஒளிக்கற்றை நேராக வானத்துக்குப் போகும். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வரும், பூச்சிகளைத் தின்ன வௌவால்கள் வரும். கண்ணாடியை இறக்கி மேலே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு எக்ஸ்காலிபர் கோட்டை, அதற்கு எதிரே கட்டுமானம் நடக்கும் ஒரு மனை. 1957 முதல் அங்கே டிராப்பிகானா விடுதி இருந்தது. 2024 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள், அந்த இடத்தில் பேஸ்பால் மைதானம் வருகிறது. இந்தச் சாலையின் வழக்கமே இதுதான். பெல்லாஜியோ நிற்கும் இடத்தில் முன்பு டூன்ஸ் இருந்தது, 1993ல் தகர்த்தார்கள். வெனிஷியன் நிற்பது பழைய சாண்ட்ஸ் விடுதியின் மண்ணில். ரிசார்ட்ஸ் வேர்ல்டு இருக்கும் இடத்தில் ஸ்டார்டஸ்ட் இருந்தது. கட்டுவார்கள், முப்பது நாற்பது வருடத்தில் இடிப்பார்கள், மறுபடியும் கட்டுவார்கள். நான் வந்த பிறகே எத்தனையோ மாறிவிட்டன. 1989ல் திறந்த மிராஜ் விடுதியின் வாசலில் இருந்த செயற்கை எரிமலையை என் பெண்ணோடு எத்தனையோ இரவு நின்று பார்த்திருக்கிறேன். 2024 ஜூலையில் அதையும் மூடிவிட்டார்கள். கித்தார் வடிவத்தில் புதிய கோபுரம் கட்டுகிறார்கள். அந்த வழியாகப் போகும்போது எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

மிச்சத்தை இரவு எழுதுகிறேன், வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

நித்யா:

சுதந்திர தேவி சிலையை விட்டுவிட்டீர்களே அக்கா! எக்ஸ்காலிபரைத் தாண்டினால் நியூயார்க் நியூயார்க் விடுதி வாசலில் நிற்கும். அமெரிக்கத் தபால் துறை அந்த நகலின் படத்தை அசல் சிலை என்று நினைத்துத் தபால்தலையில் அச்சிட்டுவிட்டது. 2011ல்தான் விஷயம் வெளியே வந்தது. நகலைச் செதுக்கிய சிற்பி ராபர்ட் டேவிட்சன் வழக்குப் போட்டார். என் சிலையின் முகம் அசலைவிடப் புதுமையானது, மென்மையானது என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2018ல் 35 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. எங்கள் வீட்டில் ஒருவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். அவரை அழைத்துப்போய் அங்கே நிறுத்தி இந்தக் கதையைச் சொன்னபோது அப்படி ரசித்தார்.

தென்றல்73:

என்னதான் சொன்னாலும் எல்லாமே நகல்தானே? பாதி உயர ஈஃபில் கோபுரம், மாடிக்குள்ளே ஓடும் வெனிஸ் வாய்க்கால். வயதானவர்களை இவ்வளவு தூரம் அழைத்துக்கொண்டு போய் இதைக் காட்டுவதற்குப் பதிலாக கிராண்ட் கேன்யனுக்கு அழைத்துக்கொண்டு போகலாம். இன்னொரு விஷயமும் எனக்கு உறுத்துகிறது. பாலைவனத்தில் அவ்வளவு தண்ணீரை வானத்தில் பீய்ச்சி அடிக்கிறார்கள். ஹூவர் அணையின் மீட் ஏரி வற்றிப்போகிறது என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்து ரசிக்க முடியவில்லை.

நீரோட்டம்:

தென்றல் கேட்டது நியாயமான கேள்வி. நான் நீர் மேலாண்மையில் வேலை செய்கிறவன் என்பதால் பதில் சொல்லத் தோன்றுகிறது.

பெல்லாஜியோ ஏரி எட்டு ஏக்கருக்குச் சற்று அதிகம். 1,200க்கும் மேற்பட்ட குழாய் முனைகள் இருக்கின்றன. பெரிய பீச்சல் 140 மீட்டர் வரை எழும். அந்தத் தண்ணீர் மீட் ஏரியிலிருந்து வருவதில்லை. பழைய டூன்ஸ் விடுதிக்கு ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. அந்தப் புல்லுக்குப் பாய்ச்சத் தோண்டிய கிணற்று நீரைத்தான் எடுக்கிறார்கள். வெயிலில் ஆவியாகிப் போகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீரை அதிகம் குடித்தது புல்தரைதான், நீரூற்று அல்ல.

இங்கே வீட்டிலோ விடுதியிலோ குழாயில் திறந்துவிட்டுச் சாக்கடைக்குப் போகிற தண்ணீரைச் சுத்திகரித்து லாஸ் வேகாஸ் வாஷ் என்ற ஓடை வழியாக மீட் ஏரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். திருப்பிய அளவுக்கு மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். புல்லுக்கு ஊற்றியது திரும்பி வராது. அதனால்தான் 2021ல் இந்த ஊர் இருக்கும் நெவாடா மாநிலத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் அழகுக்காக வளர்க்கும் புல்லுக்கு, 2026 முடிந்த பிறகு, மீட் ஏரியில் தேங்கும் கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது. கொலராடோவின் கீழ்ப்பகுதி மாநிலங்கள் மூன்றில் நெவாடாவுக்குத்தான் மிகக் குறைந்த பங்கு. ஒரு சொட்டையும் விடாமல் எண்ண வேண்டிய நிலைமை அவர்களுக்கு.

ஊரின் பெயரே தண்ணீரைப் பற்றியதுதான். ஸ்பானிய மொழியில் வேகாஸ் என்றால் புல்வெளிகள். ஊற்று பொங்கி இந்த இடம் பச்சையாகக் கிடந்தது, அதனால்தான் ரயில் இங்கே நின்று தண்ணீர் பிடித்தது. 1905ல் ரயில் கம்பெனி மனைகளை ஏலம் விட்டபோது பிறந்த ஊர் இது. உறிஞ்சி உறிஞ்சி 1962ல் அந்த ஊற்று தரைக்கு வருவதே நின்றுபோனது. நீரூற்றைப் பார்த்துக் கோபப்படுவதைவிட அந்த 1962ஐ நினைத்து நான் அதிகம் வருத்தப்படுகிறேன்.

தென்றல்73:

கிணற்று நீர் என்பது எனக்குப் புதிய செய்தி. விளக்கத்துக்கு நன்றி. நகல் பற்றிச் சொன்னதில் எனக்கு இன்னும் மாற்றம் இல்லை.

கலா, ஹெண்டர்சன்:

இப்போது மிச்சத்தை எழுதுகிறேன். நீரூற்றைப் பற்றி நீரோட்டம் நன்றாகச் சொல்லிவிட்டார். சாலையில் காரை நிறுத்தி அதைப் பார்க்க முடியாது, போலீஸ் விரட்டுவார்கள். அம்மாவுக்கு நல்ல வழி, எதிரே இருக்கும் பாரிஸ் விடுதியின் ஈஃபில் கோபுரம்தான். 165 மீட்டர். லிஃப்டில் மேலே போனால் நீரூற்று கண்ணுக்கு நேர் கீழே தெரியும். இரவில் நள்ளிரவு வரை கால் மணிக்கு ஒரு முறை ஆடும், அதற்கு முன்னால் அரை மணிக்கு ஒன்று. பார்க்கிங்கிலிருந்து லிஃப்டுக்குக் கேசினோவின் குறுக்கே நடக்க வேண்டும், அதனால் மடக்கு வீல் சேர் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்ட்ரிப்பில் பெரும்பாலான இடத்தில் பார்க்கிங்குக்குக் கட்டணம் உண்டு. நவம்பரில் ஸ்ட்ரிப்பிலேயே ஃபார்முலா ஒன் பந்தயம் ஓடுகிறது. அதற்காக முன்கூட்டியே பார்வையாளர் மேடை கட்டத் தொடங்கிவிடுவார்கள், தரையிலிருந்து நீரூற்று சரியாகத் தெரியாமல் போகலாம். கோபுரத்தின் மேலே அந்தத் தொல்லை இல்லை.

ஸ்பியர் என்ற உருண்டை அரங்கைப் பார்க்க உள்ளே போக வேண்டியதில்லை. வெனிஷியனைத் தாண்டி சாண்ட்ஸ் அவென்யூவில் வலது பக்கம் திரும்பினால் போதும். 112 மீட்டர் உயர உருண்டை, 2023ல் திறந்தது. வெளிப்புறம் முழுவதும் எல்இடி. ஒரு நேரம் கண்ணாக உருளும், ஒரு நேரம் நிலாவாக நிற்கும். என் மாமியாருக்கு வேறு எதுவும் வேண்டாம், அதைச் சுற்றியே இரண்டு முறை ஓட்டச் சொன்னார்.

மறுபடியும் பூலவார்டுக்கு வந்து வடக்கே போங்கள். சகாரா அவென்யூ சிக்னலைத் தாண்டும்போது அப்பாவிடம் சொல்லுங்கள், இப்போதுதான் லாஸ் வேகாஸ் நகருக்குள் நுழைகிறோம் என்று. இதுவரை பார்த்ததெல்லாம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே. 1950ல் மாநகராட்சி எல்லையை நீட்டி ஸ்ட்ரிப் விடுதிகளையும் வரிக்குள் கொண்டுவரப் பார்த்தது. விடுதிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். மாவட்டம் போன்ற கவுன்டி நிர்வாகத்தில் பேசி அந்த நிலத்தைப் பாரடைஸ் என்று தனி ஊராக அறிவிக்கச் செய்தார்கள். இன்றுவரை அப்படியே இருக்கிறது. விமான நிலையம்கூடப் பாரடைஸில்தான்.

சகாராவைத் தாண்டியதும் 350 மீட்டர் ஸ்ட்ராட் கோபுரம். அதன் பிறகு விளக்கு குறையும், பழைய மோட்டல்கள், அடகுக் கடைகள், சின்னச் சின்னக் கல்யாணக் கூடங்கள் வரும். ஒரு கூடத்தில் காரை விட்டு இறங்காமலே தாலி கட்டிக்கொண்டு போகலாம், மோதிரம்தான் மாற்றுவார்கள், நம் வழக்கத்தில் சொல்கிறேன். பலர் இங்கேதான் பயந்து வண்டியைத் திருப்புவார்கள். திருப்பாதீர்கள். ஃப்ரீமான்ட் தெருவுக்குள் கார் போகாது, மேலே கூரை போட்டு நடைபாதையாக்கிவிட்டார்கள். ஆனால் அங்கே இருக்கும் கோல்டன் கேட் விடுதி 1906லிருந்து நிற்கிறது. 1931ல் நெவாடாவில் சூதாட்டம் சட்டபூர்வமானபோது எல்லாம் தொடங்கியது இந்தத் தெருவில்தான்.

அடுத்து நியான் அருங்காட்சியகம். டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், இருட்டிய பிறகான நேரமாகப் பார்த்து எடுங்கள். சிப்பி போல வளைந்த அதன் முகப்பு, முன்பு ஸ்ட்ரிப்பில் இருந்த லா கோஞ்சா மோட்டலின் வரவேற்பறை. 1961ல் பால் ரெவியர் வில்லியம்ஸ் வடிவமைத்தார். இடிக்கப் பார்த்தார்கள், ஊர்க்காரர்கள் விடவில்லை. துண்டு துண்டாக அறுத்து 2006ல் இங்கே கொண்டுவந்து ஒட்டினார்கள். வில்லியம்ஸ் கறுப்பினத்தவர். அவர் வேலை செய்த காலத்தில் அவர் இனத்தவர் ஸ்ட்ரிப் விடுதிகளில் மேடையேறிப் பாடலாம், அங்கேயே அறை எடுத்துத் தங்க முடியாது. நாட் கிங் கோல், சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற புகழ்பெற்ற பாடகர்களுக்கும் அதே நிலைமை. ரயில் பாதைக்கு மேற்கே வெஸ்ட் சைடு என்ற பகுதிக்குத்தான் இரவில் திரும்ப வேண்டும். 1955ல் அந்தப் பக்கத்தில் மூலன் ரூஜ் என்று ஒரு விடுதி திறந்தார்கள், எல்லா இனத்தவரும் வரலாம் என்று சொன்ன முதல் கேசினோ. சில மாதங்களில் மூடிவிட்டது. ஆனால் 1960 மார்ச்சில், மூடிக்கிடந்த அந்தக் கட்டடத்தில்தான் கறுப்பினத் தலைவர்கள் உட்கார்ந்து பேசி ஸ்ட்ரிப் விடுதிகளின் கதவைத் தங்கள் மக்களுக்குத் திறக்க வைத்தார்கள்.

அந்த மூலன் ரூஜின் பெயர்ப் பலகை இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வளைந்து வளைந்து ஓடும் இளஞ்சிவப்பு எழுத்து. வரைந்தவர் பெட்டி வில்லிஸ். மாலையில் எந்தப் பெண் வரைந்த பலகையில் தொடங்கினீர்களோ, அதே பெண்ணின் பலகையில் முடிப்பீர்கள். இதற்காகத்தான் முழுச் சாலையையும் ஓட்டச் சொன்னேன்.

தென்றல், அந்தப் பலகை எதற்கும் நகல் இல்லை.

பழைய பாதை:

கலா எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று சேர்க்கத் தோன்றியது. ஃப்ரீமான்ட் தெரு விடுதிகளின் மொட்டை மாடியில் 1950களில் விடியற்காலையில் கூட்டம் கூடும். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருந்த சோதனைத் திடலில் அணுகுண்டு வெடிப்பதைப் பார்ப்பதற்கு. 1951 முதல் 1962 வரை தரைக்கு மேலே 100 சோதனைகள் நடந்தன. அதைக் காட்டி விளம்பரம் செய்து ஆட்களை வரவழைத்தார்கள். காற்று அடித்த திசையில் இருந்த ஊர்களில் பிறகு நோய் வந்தது. அணுச் சோதனைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் ஸ்ட்ரிப்புக்குக் கிழக்கே இருக்கிறது. பகலில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள்.

ராஜவேல்:

கலா அக்கா எழுதியதைப் பார்த்தால் நாங்கள் பாதிச் சாலையில் திரும்பி வந்தது தெரிகிறது. அடுத்த முறை போகும்போது சகாராவைத் தாண்டிப் போவேன். தங்குமிடம் பற்றி ஓர் எச்சரிக்கை: நாங்கள் எடுத்த விடுதியில் இணையத்தில் காட்டிய வாடகையும் கையில் கொடுத்த பில்லும் வேறு வேறு. ரிசார்ட் கட்டணம் என்று ஒவ்வொரு இரவுக்கும் தனியாகப் போட்டுவிட்டார்கள். கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

நீரோட்டம்:

மறுநாள் அணைக்குப் போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரிப்பிலிருந்து முக்கால் மணி நேரம். நடுவில் போல்டர் சிட்டி வரும், அணை கட்டிய தொழிலாளிகளுக்காக அரசு எழுப்பிய ஊர். நெவாடாவிலேயே இருந்தும் அங்கே இன்றைக்கும் சூதாட்டத்துக்குத் தடை. காலை உணவை அங்கே முடித்துக்கொள்ளுங்கள், அமைதியான ஊர். அணை 221 மீட்டர். 1931ல் தொடங்கி, 1935 செப்டம்பர் 30ல் அதிபர் ரூஸ்வெல்ட் திறந்து வைத்தார். மேலே காரிலேயே அரிசோனா பக்கம் கடந்துபோய்த் திரும்பலாம், வழியில் பாதுகாப்புச் சோதனை உண்டு. ஏரிக் கரைப் பாறையில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும், ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற மட்டம் அது. அணை கட்டி ஏரி நிரம்பிய காலத்திலிருந்து இல்லாத அளவுக்கு 2022 கோடையில் தண்ணீர் இறங்கியது. உங்கள் அப்பாவுக்கு விளக்கமே வேண்டியிருக்காது.

மேட்டூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. முந்தாநாள் திரும்பி வந்தோம். கலா அக்கா சொன்ன வழியை அப்படியே பிடித்தோம், செவ்வாய்க்கிழமை மாலை.

பலகையில் இருந்து ஃப்ரீமான்ட் போய்ச் சேர, பாரிஸில் ஏறி இறங்கியது உட்பட, மூன்றரை மணி நேரம். நெரிசல் இருந்தது, ஆனால் அம்மாவுக்கு அது வசதியாகப் போய்விட்டது, ஒவ்வொரு சிக்னலிலும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நீரூற்றுக்கு எதிரே மேடை கட்டியிருந்தார்கள். மேலேயிருந்து பார்த்ததால் தப்பித்தோம். மூன்று ஆட்டம் முடியும் வரை அம்மா கம்பியை விட்டு நகரவில்லை.

நியான் அருங்காட்சியகத்தில் தரை சரளைக்கல். வீல் சேர் தள்ளக் கொஞ்சம் சிரமம், அடுத்து போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். மூலன் ரூஜ் பலகை முன்னால் நின்று முழுக் கதையையும் அம்மாவிடம் சொன்னேன். "பாட வரலாம், படுக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதன் பிறகு கார் வரும் வரை எதுவும் பேசவில்லை.

அணையில் அப்பா இரண்டு மணி நேரம் இருந்தார். மேட்டூர் அணை 1934, இது 1935, ஒரே காலத்தில் இரண்டு பக்கமும் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மேலே இரண்டு கோபுரங்களில் கடிகாரம் இருக்கிறது, ஒன்று நெவாடா நேரம், மற்றது அரிசோனா நேரம். இரண்டும் ஒரே மணியைக் காட்டின. ஒன்று ஓடவில்லை போலிருக்கிறது என்றார் அப்பா. அரிசோனாவில் கோடைக்குக் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் வழக்கம் இல்லை, அதனால் நவம்பர் வரை இரண்டும் ஒத்துப்போகும் என்று அங்கே இருந்த காவலர் சொன்னார். அப்பா அதைக் கையில் இருந்த தாளில் குறித்துக்கொண்டார்.

கலா, ஹெண்டர்சன்:

அம்மா கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு என் பெண்ணிடமும் வாசித்துக் காட்டினேன் தம்பி. சரளைக்கல்லை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

யாழினி:

இழை முழுவதையும் படித்தேன். நாங்கள் டிசம்பர் கடைசியில் போகிறோம், உடன் எழுபது வயது மாமா வருகிறார். இதே வழி, இதே நேரம் சரியாக இருக்குமா?

கலா, ஹெண்டர்சன்:

வழி அதேதான். டிசம்பரில் நாலரைக்கே சூரியன் இறங்கிவிடும், அதனால் மூன்றே முக்காலுக்குப் பலகையில் இருங்கள். ராத்திரி நல்ல குளிர் இருக்கும், மாமாவுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் கடைசி நாள் மட்டும் வேண்டாம், அன்று மாலை ஸ்ட்ரிப்பில் வண்டியே விடமாட்டார்கள்.